செத்த கம்ப்யூட்டரா? தூங்கும் கம்ப்யூட்டரா?

"அது செத்துப் போச்சுங்க. எடைக்குப் போட்டுடலாமுங்க."

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்ததும் பலரும் சொல்லும் தீர்ப்பு இது. சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. ஆனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு புள்ளி கூட இல்லை. மறுபடியும் நிறுத்திப் போட்டார்கள். அப்போதும் இருட்டு. அவ்வளவுதான்! பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவாகி விடுகிறது.

திருப்பூர் வீரபாண்டியில் பனியன் துணி பின்னும் மெஷின் நின்றால் இப்படி யாராவது தீர்ப்புச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். பிட்டருக்கு ஆள் போகும். அவர் வருவார். முதலில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பார். நூல் அறுந்ததா, ஊசி முறிந்ததா என்பதை அந்த விளக்கே பாதி சொல்லிவிடும். மீதியைத் துணி சொல்லும். துணியில் நெடுக்கே கோடு விழுந்தால் ஊசியைப் பார்ப்பார். குறுக்கே பட்டை விழுந்தால் நூலையும் அதன் இழுவையையும் பார்ப்பார். மெஷினை முழுதாகக் கழற்றுவது கடைசி வேலை. 30 வருஷத்துப் பழைய மெஷினாக இருந்தாலும் அதற்கு இந்த மரியாதை உண்டு.

பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை இல்லை? காரணம் எளியது. மெஷின் என்ன சொல்கிறது என்பது பிட்டருக்குப் புரியும். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்பது புரிவதில்லை. அதுவும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் என்றால், அது பேசும் இடமே வேறு!

அது என்ன யூனிக்ஸ்?

ஒரு கம்ப்யூட்டருக்கு உடம்பு உண்டு. அதை நடத்தும் மூளை வேலைத் திட்டமும் உண்டு. வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் விண்டோஸ் என்ற திட்டம் ஓடுகிறது. அதற்கு வெகு காலம் முன்பே வந்தது யூனிக்ஸ். 1969ம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் அதை உருவாக்கத் தொடங்கினார்கள்.

1980களில் யூனிக்ஸ் ஓடும் மேசைக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றை "ஒர்க் ஸ்டேஷன்" என்றார்கள். சாதாரணக் கம்ப்யூட்டரை விடப் பல மடங்கு வலிமை. பல மடங்கு விலை. 1982ம் ஆண்டில் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இவற்றைச் செய்து பெயர் பெற்றது. அதைத் தொடங்கிய நால்வரில் ஒருவர் இந்தியர். அவர் பெயர் வினோத் கோஸ்லா. டில்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1989ல் அந்தக் கம்பெனி "ஸ்பார்க் ஸ்டேஷன் 1" என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. தட்டையான பெட்டி. விலை சுமார் 9,000 டாலர்!

இன்னொரு கம்பெனி சிலிக்கான் கிராபிக்ஸ். ஜேம்ஸ் கிளார்க் என்பவர் தொடங்கியது. படம் வரைவதில் இந்தக் கம்பெனியின் மெஷின்களை அந்தக் காலத்தில் மிஞ்ச ஆள் இல்லை. 1993ல் வந்த "ஜுராசிக் பார்க்" படத்தில் டைனோசர் ஓடி வருகிறதே, அந்த உருவங்களைக் கம்ப்யூட்டரில் செய்தது இந்த மெஷின்களில்தான். அதே வருஷம் இந்தக் கம்பெனி "இண்டி" என்ற சிறிய மெஷினை 5,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் விற்றது. நீல நிறப் பெட்டி. தலைக்கு மேல் ஒரு சிறு காமிராவும் உண்டு.

நம் நாட்டுக்கும் யூனிக்ஸ் புதிது அல்ல. வங்கிகளில் கம்ப்யூட்டர் வைப்பதற்கு வழி காட்ட ரிசர்வ் வங்கி ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் தமிழரான சி. ரங்கராஜன். 1984ல் அந்தக் குழு அறிக்கை தந்தது. அதன் பிறகு வங்கிக் கிளைகளில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. ஐ.ஐ.டி.க்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், சினிமாப் படத் தந்திர வேலை, துணி டிசைன் வேலை என்று பல இடங்களில் அவை உழைத்தன. இப்போது அவை பரண் மேலும் படிக்கட்டுக்கு அடியிலும் கிடக்கின்றன.

பட்டன் பலகை எங்கே?

சன் கம்ப்யூட்டர் ஒன்று இருண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல. பட்டன் பலகையை!

விஷயம் இதுதான். சுவிட்சைப் போட்டதும் இந்த மெஷின் தன்னோடு பட்டன் பலகை இணைந்திருக்கிறதா என்று தேடும். இருந்தால் திரையில் பேசும். இல்லாவிட்டால் "இங்கே ஆள் உட்கார்ந்திருக்கவில்லை, தூரத்திலிருந்து யாரோ வேலை செய்கிறார்" என்று எண்ணிக் கொள்ளும். உடனே பேச்சைப் பின்பக்கத்தில் உள்ள வேறு ஒரு சாக்கெட்டுக்கு மாற்றிவிடும். அதற்கு சீரியல் போர்ட் என்று பெயர். ஆகவே மெஷின் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பவர் தவறான வாசலில் நிற்கிறார்!

சன் கம்பெனியின் பழைய பட்டன் பலகை தனி ரகம். கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகை அதற்குப் பொருந்தாது. பழைய சாமான்கள் கை மாறும்போது முதலில் தொலைவது இந்தப் பலகைதான். பலகை தொலைந்தது. திரை இருண்டது. மெஷின் எடைக்குப் போனது. எத்தனை மெஷின்கள் இப்படிப் போயிருக்கும்!

பலகை இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை. சீரியல் கேபிள் ஒன்று போதும். வீட்டுக் கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் மாட்டும் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வேகத்தை 9600 என்று வைத்து இணைத்தால் பழைய மெஷின் சொல்வது எல்லாம் புது மெஷினின் திரையில் வந்து விழும். மெஷின் நின்று "ஓகே" என்று எழுதிக் காத்திருந்தால், "பேனர்" என்று அடிக்க வேண்டும். மெஷின் தன் பெயர், நினைவகத்தின் அளவு, பட்டன் பலகை உண்டா இல்லையா என்பது வரை எல்லாம் சொல்லிவிடும். செத்த மெஷின் இவ்வளவு பேசாது.

இதில் ஒரு எச்சரிக்கை. மெஷின் ஓடும்போது பட்டன் பலகையைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும்.

மறதி நோய்

அடுத்த தொல்லை பேட்டரி. சன் மெஷினுக்குள் நேரம் காட்டும் சில்லு ஒன்று உண்டு. மெஷினின் அடையாள எண்ணும், எப்படித் தொடங்க வேண்டும் என்ற விவரமும் அதில்தான் இருக்கின்றன. அந்தச் சில்லின் முதுகுக்குள்ளேயே பேட்டரியை வைத்து மூடிவிட்டார்கள். வெளியே தெரியாது. கழற்றவும் முடியாது. சுமார் 10 வருஷம் உழைக்கும். அப்புறம் தீர்ந்துவிடும்.

1990களில் செய்த மெஷின் என்றால், அந்த பேட்டரி தீர்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். மெஷினுக்குத் தன் பெயரே மறந்துவிடும். இன்று என்ன தேதி என்று தெரியாது. எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. "என் அடையாளம் செல்லாது" என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பார்ப்பவர்கள் "போர்டு போச்சு" என்பார்கள். போர்டு போகவில்லை. தாத்தாவுக்கு மறதி, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழி. அதே மாதிரிப் புதிய சில்லை வாங்கி மாட்டலாம். அல்லது கை நிதானம் உள்ள ஒருவர், சில்லின் முதுகை மெல்ல அரத்தால் ராவி, உள்ளே இருக்கும் இரண்டு கம்பி முனைகளைக் கண்டுபிடித்து, கைக்கடிகார பேட்டரி மாதிரியான 3 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பற்ற வைக்கலாம். உலகெங்கும் பழைய மெஷின் பிரியர்கள் இப்படிச் செய்து ஓட்டுகிறார்கள். பேட்டரியை மாற்றிய பின், பழைய அடையாள எண்ணைத் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த எண் எங்கே கிடைக்கும்? சில்லின் மேலேயோ மெஷினின் பின்புறத்திலோ ஒட்டிய சீட்டில் இருந்தால் உண்டு. ஆகையால் மெஷினில் ஒட்டியுள்ள எந்தச் சீட்டையும் "அழுக்கு" என்று கிழித்து எறியக் கூடாது. கிழிப்பதற்கு முன் நோட்டில் எழுதிக்கொண்டால் கூடப் போதும்.

திரையில் கோடு, துணியில் கோடு

படம் வருகிறது, ஆனால் சரியாக வரவில்லை. இது அடுத்த வகை. இங்கேதான் பனியன் ஊர்க்காரரின் கண் உதவும்.

முதலில் கேபிள். சன், சிலிக்கான் கிராபிக்ஸ் மெஷின்களில் திரைக்குப் போகும் கேபிளின் முனை விசித்திரமாக இருக்கும். 3 தடித்த குழாய்கள். அவற்றுக்கு நடுவே 10 மெல்லிய ஊசிகள். தடித்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். திரையில் சிவப்பே இல்லை என்றால், அந்த ஒரு குழாய் சரியாக உட்காரவில்லையா என்று பார்க்க வேண்டும். பல சமயம் ஒரு அழுத்து அழுத்தினால் சிவப்பு வந்துவிடும்.

இரண்டு கம்பெனியின் கேபிள்களும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மாற்றி மாட்டினால் தாராளமாக உள்ளே போகும். ஆனால் அந்த மெல்லிய ஊசிகளின் இணைப்பு இரண்டிலும் ஒன்று அல்ல. எந்த மாதிரித் திரை தன்னோடு இருக்கிறது என்பதை மெஷின் அந்த ஊசிகளைத் தடவித்தான் தெரிந்துகொள்கிறது. தவறான கேபிள் என்றால் மெஷின் தவறாகப் புரிந்துகொண்டு, திரைக்கு ஒத்துவராத அளவில் படம் அனுப்பும். படம் உருண்டு ஓடும், அல்லது ஒன்றுமே வராது.

புதிய தட்டைத் திரையை மாட்டினால் இன்னொரு வேடிக்கை. படம் முழுவதும் பச்சை பூசியது போல் தெரியும்! சில திரைகளில் ஒன்றுமே தெரியாது. இது பழுதே அல்ல. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று திரைக்கு ஒரு தாளம் தேவை. சாதாரணக் கம்ப்யூட்டரில் அந்தத் தாளம் தனிக் கம்பியில் போகும். இந்தப் பழைய மெஷின்கள் பலவற்றில் தாளத்தைப் பச்சை நிறக் கம்பியிலேயே கலந்து அனுப்பினார்கள். புதிய திரைக்கு அந்த வழக்கம் தெரியாது. அதை அறிந்த திரை ஒன்றைத் தேடி மாட்டினால் படம் பளிச்சென்று வரும். பழைய பெரிய டப்பா மானிட்டர்களில் இந்த வழக்கம் அறிந்தவை உண்டு. அந்த மானிட்டர்களையும் எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு "படம் வரவில்லை" என்று கலங்குகிறார்கள்.

கேபிளும் சரி, திரையும் சரி. ஆனாலும் படத்தில் நெடுக்கே கோடுகள், புள்ளிகள். இப்போதுதான் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் போர்டு மேல் சந்தேகப்பட வேண்டும். அந்தப் போர்டில் படத்தைப் பிடித்து வைக்கும் நினைவுச் சில்லுகள் வரிசையாக இருக்கும். ஒரு சில்லு கெட்டால் திரையில் ஒரே இடைவெளி விட்டு விட்டுக் கோடு விழும். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி கெட்டால் துணி முழுதும் அந்த இடத்தில் கோடு விழுகிறதே, அதே மாதிரி.

இதை உறுதி செய்ய ஒரு சுலப சோதனை உண்டு. மவுசை நகர்த்தி, அம்புக் குறியைக் கோடுகளின் மேல் கொண்டு போக வேண்டும். பல போர்டுகளில் அம்புக் குறி அந்த நினைவுச் சில்லுகளில் இருப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் தனியாக வந்து சேர்கிறது. ஆகவே படம் கோடு கோடாக இருந்து அம்புக் குறி மட்டும் சுத்தமாகத் தெரிந்தால், தவறு நினைவுச் சில்லில் இருக்கக்கூடும். அம்புக் குறியும் சேர்ந்து கெட்டிருந்தால், தவறு அதற்குப் பின்னால், கேபிள் பக்கமாக இருக்கலாம். ஒரு காசு செலவு இல்லாத சோதனை இது.

போர்டைக் கழற்றுகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று. சிலிக்கான் கிராபிக்ஸ் 1997ல் விற்ற "ஆக்டேன்" மெஷினில் போர்டுகளை இணைக்கும் இடம் மிக மென்மையானது. பூம்பட்டு மாதிரி மெல்லிய கம்பி முனைகள். ஒன்றோடு ஒன்று அழுந்தி நிற்பதால்தான் மின்சாரம் போகிறது. அதை விரலால் தொடக் கூடாது. பனியன் வேஸ்ட்டால் துடைக்கவே கூடாது! துடைத்தால் நல்ல போர்டும் கெட்டுப் போகும். மூடி போட்டு வைப்பது ஒன்றே வழி.

அழிப்பதற்கு முன் நகல்

மெஷின் விழித்துவிட்டது. படமும் வந்துவிட்டது. உடனே யூனிக்ஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய ஆசை வரும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

புதிதாக இன்ஸ்டால் செய்வது என்றால் பழையதை அழிப்பது என்று பொருள். அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது? ஒரு கம்பெனியின் 20 வருஷ டிசைன்கள் இருக்கலாம். ஒரு ஆசிரியரின் ஆராய்ச்சி இருக்கலாம். இன்று எங்கும் விலைக்குக் கிடைக்காத துணி டிசைன் புரோகிராம் இருக்கலாம். மெஷின் போனால் இன்னொன்று தேடலாம். டிஸ்க்கில் இருப்பது போனால் போனதுதான். ஆகவே முதல் வேலை நகல் எடுப்பது. பழைய டிஸ்க் எத்தனை தடவை ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசித் தடவையாகவும் இருக்கலாம்.

எம்பிராய்டரி மெஷின்களில் பிளாப்பி போடும் இடத்தில் பென்டிரைவ் செருகும் பெட்டி வந்தது அல்லவா? அதே போல, மெமரி கார்டைப் பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி நடிக்க வைக்கும் சிறு போர்டுகள் இப்போது கிடைக்கின்றன. நகலை அதில் வைத்து ஓட்டலாம். பழைய டிஸ்க்கைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடலாம்.

அதன் பிறகு இன்ஸ்டால் செய்யும்போது வரும் தொல்லைகளில் பெரியது சி.டி. டிரைவ். சாதாரண டிரைவ் ஒரு தடவைக்கு 2,048 எழுத்து அளவு படித்துக் கொடுக்கும். பழைய சன், சிலிக்கான் கிராபிக்ஸ் மெஷின்கள் 512 எழுத்தாகக் கேட்கும். அண்டாவில் ஊற்றினால் டம்ளர் ஏந்தியவர் என்ன செய்வார்? சி.டி. நன்றாக இருக்கும். டிரைவும் நன்றாக இருக்கும். ஆனால் மெஷின் "படிக்க முடியவில்லை" என்று சொல்லும். 512 கணக்கு அறிந்த டிரைவ் வேண்டும்.

இன்னொரு தொல்லை நம்பர். டிஸ்க், சி.டி. டிரைவ் எல்லாம் ஒரே கேபிளில் வரிசையாக இருக்கும். வீட்டுக்குக் கதவிலக்கம் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சன் மெஷினில் வழக்கமாக டிஸ்க்குக்கு 3, சி.டி.க்கு 6. மெஷினே 7ம் நம்பரை எடுத்துக் கொள்ளும். சிலிக்கான் கிராபிக்ஸில் மெஷினின் நம்பர் 0. ஆகவே அங்கே 0 என்று வைத்த டிஸ்க்கை மாட்டினால் இரண்டும் மோதிக்கொள்ளும். கேபிளின் இரு முனைகளையும் "டெர்மினேட்டர்" என்ற மூடியால் அடைத்திருக்கவும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. "பேய் பிடித்த மெஷின்" என்று பெயர் வாங்குபவை அநேகமாக இவைதான்!

நினைவகத் துண்டுகளிலும் வழக்கம் உண்டு. இண்டி மெஷினில் ஒரே அளவுத் துண்டுகளை நான்கு நான்காகச் செருக வேண்டும். மூன்று செருகினால் அது ஏற்காது. எந்தப் பதிப்பைப் போடுவது என்பதும் முக்கியம். ஸ்பார்க் ஸ்டேஷன் 1 போன்ற முதல் மெஷின்களுக்கு சோலாரிஸ் 7 வரைதான். அதற்குப் பின் வந்த ஸ்பார்க் ஸ்டேஷன் 20 போன்றவற்றுக்கு சோலாரிஸ் 9 வரை. புதியது நல்லது என்று நினைத்து 10ஐப் போட்டால் ஓடாது. மெஷினில் குறை சொல்லிப் பயன் இல்லை.

பஞ்சும் மின்சாரமும்

திருப்பூர் காற்றில் பஞ்சு உண்டு. மெஷின்களுக்கு அருகில் வைத்த கம்ப்யூட்டரைத் திறந்தால் காற்றாடியின் மேல் ஒரு மெத்தையே இருக்கும். காற்று போகாது. சூடு ஏறும். சூட்டில் மெஷின் பாதியில் நின்றுவிடும். சுத்தம் செய்யலாம். ஆனால் கம்ப்ரசர் காற்றை அப்படியே பீய்ச்சக் கூடாது. அதில் தண்ணீர் கலந்து வரும். மெல்லிய பிரஷ் போதும்.

போர்டில் மீன் வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட வேண்டாம். அது ஒரு துப்பு! போர்டில் உள்ள கப்பாசிட்டர்கள் கசிந்தால் சில சமயம் அப்படி ஒரு வாடை வரும். கசிந்த நீர் செம்புக் கோடுகளை அரித்துவிடும். நல்ல ரேடியோ மெக்கானிக் ஒருவர் அவற்றை மாற்றிவிட முடியும். எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறாரோ அவ்வளவு நல்லது.

டப்பா மானிட்டரை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. குழந்தைகள் கிட்டவே போகக் கூடாது. படக் குழாய்க்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். டி.வி. ரிப்பேர் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டியது அது.

எடைக்குப் போனால் என்ன ஆகிறது?

"இவ்வளவு தொல்லை எதற்கு? போட்டுவிட்டுப் போகலாமே" என்று கேட்கலாம். போட்டால் அது எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். செம்புக்காகக் கம்பியை எரிக்கிறார்கள். தங்க முலாமுக்காகப் போர்டை ஆசிட்டில் ஊற வைக்கிறார்கள். படக் குழாயை உடைக்கிறார்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகிறது.

கழிவு என்ன செய்யும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. நொய்யல் ஆற்றைச் சாயம் கெடுத்தது. வீரபாண்டியிலேயே சாயக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எத்தனை குடும்பங்கள் அப்போது வேலை இல்லாமல் தவித்தன! சாயக் கழிவு கண்ணுக்குத் தெரிந்தது. ஆற்றில் நிறம் ஓடியது. கம்ப்யூட்டர் கழிவுக்கு நிறம் கிடையாது.

சட்டம் இருக்கிறது. மின்னணுக் கழிவுக்கு 2011ல் முதலில் விதி செய்தார்கள். 2022ல் புதிய விதிகள் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். பழைய சாமான்களை அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். வாங்கியவர் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காகவும் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24ந் தேதி இன்டர்நெட்டில் அதற்கு ஒரு தகவல் பக்கம் திறந்தார்கள். நல்ல காரியம். செல்போன், வீட்டுச் சாமான், வாகனம், விவசாயக் கருவி வைத்திருப்பவர்களுக்கு அது உதவும்.

ஆனால் இந்தப் பழைய யூனிக்ஸ் மெஷின்களுக்கு அந்த உரிமையை யாரிடம் போய்க் கேட்பது? சிலிக்கான் கிராபிக்ஸ் 2006லும் 2009லும் திவால் ஆயிற்று. சன் கம்பெனியை 2010ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. செய்தவர்களே இல்லை. எஞ்சியிருப்பது பழுது பார்க்கத் தெரிந்த சில பேரின் தலையில் உள்ள அறிவும், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்த குறிப்புகளும்தான். தமிழில் ஒரு சின்னப் புத்தகம் கூட இதற்குத் தேடினாலும் கிடைப்பது அரிது.

நிட்டிங் பிட்டர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? பெரும்பாலோர் இன்னொரு பிட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்துத்தான் கற்றார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய மெஷின்களை ஓட்டித்தான் திருப்பூர் வளர்ந்தது. அந்த மெஷின்களுக்குத் தமிழில் புத்தகம் வரவில்லை. ஆள் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்கும் அது நடக்க வேண்டும்.

திருப்பூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலும் பக்கத்துப் பாலிடெக்னிக்குகளிலும் ஒரு மேசையை இதற்கு ஒதுக்கினால் போதும். அதன் மேல் பழைய யூனிக்ஸ் மெஷின் ஒன்று. ஒரு சீரியல் கேபிள். பச்சைத் தாளம் அறிந்த ஒரு மானிட்டர். 512 கணக்கில் படிக்கும் ஒரு டிரைவ். பையன்களும் பெண்களும் மூடியைக் கழற்றிப் பார்க்கட்டும். புதிய கம்ப்யூட்டரில் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டது. பழைய மெஷினில் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். இது டிஸ்க், இது கேபிள், இது படம் போடும் போர்டு என்று விரல் வைத்துக் காட்டலாம். பாடம் நடத்த இதைவிட நல்ல சாமான் கிடையாது. செலவோ சொற்பம். சர்க்கார் ஒரு உத்தரவு போட்டால் நடந்துவிடும்.

கம்பெனி முதலாளிகளும் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த தடவை குடோனைக் காலி செய்யும்போது, கம்ப்யூட்டரை லாரியில் ஏற்றும் முன் மூன்று பொருளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லலாம். பட்டன் பலகை. திரைக் கேபிள். மெஷினோடு வந்த சி.டி.க்களும் புத்தகமும். பார்க்க ஒன்றுக்கும் உதவாத சாமான்கள் மாதிரிதான் தெரியும். அந்த மூன்றும் ஒரே அட்டைப் பெட்டியில் இருந்தால், அந்த மெஷினை எழுப்ப வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.